பாரிஸ் ஒப்பராவில் மாண்டோர்

பாரிஸ் நகரின் ஒப்பரா மாளிகையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் பளிங்குப் படிக்கட்டில் ஏறியே உள்ளே செல்வர். பொன் பூசிய தூண்கள், பல தொன் எடையுள்ள சரவிளக்கு, செந்நிறப் பட்டு மெத்தையிட்ட இருக்கைகள் என வருணனை நீளும். 1875ஆம் ஆண்டு ஜனவரி 5ஆந் திகதி திறந்துவைக்கப்பட்ட அம்மாளிகையின் பொலிவை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின் ஒரு கலைக்கூடத்தின் வரலாறு அதன் தூண்களோடு முடிந்துவிடுவதில்லை. அங்கே ஆடியவர், திரை இழுத்தவர், மலிவான இருக்கையிலிருந்து பார்த்தவர், அங்கு செல்லும் தெருவிலே தற்செயலாய் நின்றவர் ஆகிய யாவருக்கும் அவ்வரலாற்றிற் பங்குண்டு. அவர்களுட் சிலர் அங்கேயே மாண்டனர். அம்மரணங்களை வரிசைப்படுத்தி நோக்குமிடத்து, எவருடைய மரணம் அரசையே அசைத்தது, எவருடைய மரணம் ஒரு பத்திச் செய்தியோடு மறைந்தது என்னும் வினா தானே எழுகின்றது. அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

ஒப்பரா என்பது கதை முழுவதையும் பாட்டினாலேயே நடத்திச் செல்லும் மேனாட்டு இசைநாடகம். பிரான்சில் அது மக்களிடையே தானாக முளைத்து வளர்ந்ததன்று. 1669இல் பதினான்காம் லூயி மன்னன் வழங்கிய உரிமைப் பத்திரத்தோடு பாரிஸ் ஒப்பரா தோன்றியது. அன்றுதொட்டு அது அரசின் நிறுவனமாகவே இருந்து வந்தது. மன்னராட்சி, குடியரசு, பேரரசு என ஆட்சி மாறுந்தோறும் அதன் பெயர்ப்பலகையும் மாறியது. நிறுவனம் ஒன்றாயினும் கட்டடங்கள் பல. இன்று உலகறிந்த கார்னியே மாளிகைக்கு முன்னர் அது பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இயங்கிற்று. அக்கட்டடங்களுட் பல நெருப்பினால் அழிந்தன. ஒன்று அரசாணையினால் இடிக்கப்பட்டது.

பரீட்சைக்கு வந்த மக்கள்

பலே றொயால் என்னும் அரண்மனையை அடுத்திருந்த அரங்கு 1763 ஏப்பிரல் 6ஆந் திகதி எரிந்தது. அதே இடத்தில் எழுப்பப்பட்ட இரண்டாவது அரங்கும் 1781 யூன் 8ஆந் திகதி எரிந்தது. அன்று குளுக் என்னும் இசைமேதையின் 'ஓர்ஃபே' நடந்தது. இறந்த மனைவியை மீட்பதற்காகப் பாதாள உலகுக்குச் செல்லும் பாடகனின் கதை அது. பாதாளத்தின் தீயை மேடையிலே கண்டு களித்த சீமான்களும் சீமாட்டிகளும் தப்பினர். மாண்டவர்கள் திரைக்குப் பின்னே இருந்தவர்கள்; ஆட்டக்காரரும் மேடைத் தொழிலாளருமே. மெழுகுதிரியும் எண்ணெய் விளக்கும், சாயம் பூசிய துணித் திரைகளும், கயிறுகளும், காய்ந்த மரமும் நெருங்கிக் கிடந்த இடம் மேடையின் பின்புறம். அரங்குக்கு நெருப்புப் பிடித்தால் முதலில் எரிவது உழைப்பவன் நிற்கும் இடமே என்பது அக்காலக் கட்டட அமைப்பிலேயே எழுதப்பட்டிருந்த விதியாகும்.

அரசி மாரி அந்துவானெத்துக்கு ஒப்பரா இல்லாத பாரிஸ் உவப்பாயில்லை. எனவே போர்த் சென் மார்த்தன் என்னுமிடத்தில் ஏறத்தாழ இரண்டே மாதங்களில் புதிய அரங்கொன்று கட்டி முடிக்கப்பட்டது. 1781 ஒக்டோபர் 27ஆந் திகதி அது திறக்கப்பட்டது. சில நாட்களுக்கு முன்னரே அரசுக்கு முடிக்குரிய ஆண்மகவு பிறந்திருந்தது. அம்மகிழ்ச்சியைக் கொண்டாடும் முகமாக முதற்காட்சிக்கு மக்கள் கட்டணமின்றி அனுமதிக்கப்பட்டனர். இத்துணை விரைவிற் கட்டிய கட்டடம் பாரந் தாங்குமா என்று ஏழைகளை ஏற்றிப் பார்க்கவே இலவசக் காட்சி வைத்தனர் என்றொரு பேச்சு பாரிஸ் நகரில் வழங்கிற்று. அது உண்மையாயினும் ஆகலாம், மக்களின் கசப்பான நகையாயினும் ஆகலாம். எட்டாண்டுகளிற் புரட்சி செய்த ஒரு மக்கட்கூட்டம் தன் ஆட்சியாளரைப் பற்றி இத்தகைய கதையை நம்பத் தயாராயிருந்தது என்பதே வரலாற்று மாணவன் மனங்கொள்ளத்தக்கது.

பன்னிரண்டு சூ பெற்ற சிறுமி

புரட்சி வந்தது, அரச குடும்பம் வீழ்ந்தது, நெப்போலியன் பொனபார்ட் முதற் கொன்சல் என்னும் பெயருடன் அதிகாரத்தைக் கைப்பற்றினான். ஒப்பரா அப்பொழுது ரிஷிலியே தெருவில் இயங்கியது. 1800 டிசம்பர் 24ஆந் திகதி இரவு, ஹைடனின் 'சிருஷ்டி' என்னும் இசைப்படைப்பைக் கேட்க நெப்போலியன் அங்கு புறப்பட்டான். வழியில், சென் நிக்கேஸ் தெருவில், வெடிமருந்துப் பீப்பாய் ஏற்றிய குதிரைவண்டி ஒன்று நின்றது. மன்னராட்சியை மீட்க விரும்பிய சதிகாரர் அதனை அங்கு நிறுத்தியிருந்தனர். குதிரை அசையாதிருக்க அதனைப் பிடித்துக்கொள்ளும்படி தெருவில் ரொட்டி விற்கும் பெண்ணொருத்தியின் மகளான மரியான் பெய்சோல் என்னும் பதினான்கு வயதுச் சிறுமியிடம் கூறி, கூலியாகப் பன்னிரண்டு சூ நாணயங் கொடுத்தனர்.

வெடி பிந்தியது. நெப்போலியனின் வண்டி கடந்து சென்றுவிட்டது. சிறுமி சிதறிப்போனாள்; தெருவில் நின்ற வேறு பலரும் மாண்டனர். சிறிது நேரத்தில் நெப்போலியன் ஒப்பராவில் தன் ஆசனத்தில் அமர்ந்திருந்தான். அவையோர் எழுந்து ஆரவாரித்தனர்.

அடுத்து நிகழ்ந்ததே முக்கியமானது. குற்றவாளிகள் மன்னராட்சிவாதிகள் என்பது பொலிஸ் விசாரணையில் விரைவிலேயே புலப்படலாயிற்று. ஆயினும் நெப்போலியன் அந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தித் தனக்கு இடையூறாயிருந்த இடதுசாரிகளான யாக்கோபின்களுள் ஏறத்தாழ 130 பேரை விசாரணையின்றி நாடுகடத்தும் ஆணையைப் பெற்றுக்கொண்டான். வெடி வைத்தவர் ஒரு சாரார், தண்டனை பெற்றவர் வேறொரு சாரார். இரண்டு சாராரையும் அறியாத சிறுமியோ இருவருக்கும் இடையிற் கிடந்தாள். அரசியலில் 'ஒழுங்கு' என்னும் சொல் எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை.

ஒரு கோமகனும் ஓர் அரங்கும்

நெப்போலியனும் வீழ்ந்தான். பழைய பூர்போன் மன்னர்குடி அந்நியப் படைகளின் துணையோடு அரியணை ஏறியது. 1820 பெப்ரவரி 13ஆந் திகதி இரவு, மன்னன் பதினெட்டாம் லூயியின் தம்பி மகனான பெரிக் கோமகன் ஒப்பராவுக்கு வந்திருந்தான். மனைவியை வண்டியிலேற்றிவிட்டுத் திரும்புகையில், லூயி பியேர் லூவெல் என்பவன் அவன் மார்பிற் கத்தியைப் பாய்ச்சினான். லூவெல் அரச குதிரைலாயத்திற் சேணந் தைக்கும் தொழிலாளி. பூர்போன் குலத்தில் வருங்கால வாரிசுக்கு நம்பிக்கையாயிருந்தவன் பெரிக் கோமகனே. அவனைக் கொன்றால் குலமே அற்றுப்போகும் என்பது லூவெலின் கணக்கு.

கோமகனை அரங்கின் உள்ளே ஓர் அறைக்குத் தூக்கிச் சென்றனர். அவன் குருதி சிந்திக் கிடக்கையில் சிறிது நேரம்வரை மேடையில் ஆட்டமும் பாட்டும் தொடர்ந்தன என்பர். விடியற்காலையில் மன்னனே அங்கு வந்து சேர்ந்தான். தன்னைக் குத்தியவனை மன்னிக்குமாறு வேண்டியபடியே கோமகன் உயிர்நீத்தான். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. லூவெல் 1820 யூன் 7ஆந் திகதி கில்லட்டினுக்கு இரையானான்.

இம்மரணத்தின் விலை மிகப் பெரிது. ஒப்பரா அரங்கு அரசாணையால் இடிக்கப்பட்டது. அரசகுமாரனின் இரத்தம் விழுந்த இடத்தில் இனிக் கூத்தாட்டம் நடத்தலாகாதாம். மிதவாதியான முதலமைச்சர் தெக்காஸ் பதவியிழந்தார். தனிமனித சுதந்திரம் இடைநிறுத்தப்பட்டது. பத்திரிகைத் தணிக்கை மீண்டது. மிகப்பெரும் செல்வந்தருக்கு இரண்டு வாக்குகள் வழங்கும் தேர்தற் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. லூவெலின் கணக்கும் பிழைத்தது. கோமகனின் மனைவி அப்பொழுது கருவுற்றிருந்தாள். செப்ரெம்பர் 29ஆந் திகதி ஆண்குழந்தை பிறந்தது. தனியொருவன் கத்தியால் ஒரு குலத்தை அழித்துவிடலாம் என்று எண்ணினான். அவனுடைய கத்தி அக்குலத்தின் கையில் இன்னுங் கூரிய சட்டங்களைக் கொடுத்தது.

மக்கள் திரண்டெழுந்தபோது நிகழ்ந்தது வேறு. நேப்பிள்ஸ் நகரில் 1647இல் மாசனியெல்லோ என்னும் மீனவன் தலைமையில் நடந்த வரிக்கெதிரான கிளர்ச்சியைப் பொருளாகக்கொண்டு ஓபே என்னும் இசையமைப்பாளர் 'போர்த்திச்சியின் ஊமைப்பெண்' என்னும் ஒப்பராவை இயற்றினார். அது பாரிசில் 1828இல் அரங்கேறியது. 1830 ஒகஸ்ட் 25ஆந் திகதி அதே ஒப்பரா பிரசல்ஸ் நகரில் மேடையேறியபோது, பார்த்தவர்கள் அரங்கைவிட்டுத் தெருவில் இறங்கினர். தெருவில் நின்றோர் அவர்களோடு சேர்ந்தனர். ஒல்லாந்த மன்னனின் ஆட்சிக்கெதிரான பெல்ஜியப் புரட்சி அவ்விரவிலே தொடங்கியது. தொழிலின்மையும் ரொட்டி விலையேற்றமும் ஏற்கெனவே மூட்டியிருந்த நெருப்புக்கு அப்பாட்டு ஒரு காற்றாயிற்று. இவ்வொப்பராவின் பெயரை வாசகர் நினைவில் வைத்தல் நன்று. மீண்டும் அதனைச் சந்திப்போம்.

நிலக்கரியும் பருத்தியும்

இடிக்கப்பட்ட அரங்குக்குப் பதிலாக லெ பெலத்தியே தெருவில் 1821 ஒகஸ்டில் தற்காலிக அரங்கொன்று திறக்கப்பட்டது. தற்காலிகம் எனக் கட்டப்பட்ட அது ஐம்பத்திரண்டு ஆண்டுகள் நிலைத்தது. 1822 பெப்ரவரியில் 'அலாதீன்' கதையை ஒப்பராவாக்கி மேடையேற்றியபோது அங்கு முதன்முதலாக வாயுவிளக்கு ஏற்றப்பட்டது. அற்புத விளக்கின் கதையோடு நிலக்கரி யுகத்தின் அற்புத விளக்கும் மேடைக்கு வந்தது.

வாயுவிளக்கின் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். மங்கிய நிலவொளியை மேடையிலே உண்டாக்கலாம். அந்நிலவொளியில் வெண்மையான மெல்லிய மஸ்லின் பாவாடை அணிந்த பெண் நுனிக்காலில் ஆடினால், நிலந்தொடாத தேவதைபோலத் தோன்றுவாள். 1832இல் மாரி தாக்லியோனி ஆடிய 'லா சில்ஃபீட்' இவ்வகைப் பாலேயை நிலைநாட்டியது. உடலின் பாரமே அற்ற, உலகத் துன்பமே தீண்டாத தூய ஆன்மா எனத் திறனாய்வாளர் அதனைப் போற்றினர். அத்தூய ஆன்மா இரண்டு சரக்குகளால் ஆனது: ஒன்று நிலக்கரி வாயு, மற்றொன்று பஞ்சாலைத் துணி. கைத்தொழிற் புரட்சியின் இவ்விரு பொருள்களும் சேர்ந்து பாலேயின் அழகைப் படைத்தன. அவையே சேர்ந்து அதனை எரிக்கவும் வல்லனவாயிருந்தன. இலண்டன் மாநகரில் 1844 டிசம்பரில் கிளாரா வெப்ஸ்டர் என்னும் நடனமாது மேடைவிளக்கில் பாவாடை பற்றி எரிந்து மாண்டாள். அது எச்சரிக்கை, கேட்பார் குறைவாயினர்.

இந்நடனமாதர் யார்? பெரும்பாலோர் ஏழைக் குடும்பத்துப் பெண்கள். ஏழெட்டு வயதிலேயே ஒப்பராவின் நடனப்பள்ளியிற் சேர்க்கப்பட்டு, சிறு கூலிக்குப் பின்வரிசையில் ஆடியவர்கள். பாரிஸ்வாசிகள் அவர்களைச் 'சிற்றெலிகள்' என்றழைத்தனர். 1831இல் இயக்குநராய் வந்த வெரோன், ஆண்டுச் சந்தா செலுத்தும் பிரபுக்களும் வங்கியாளரும் நடனக்கூடத்தினுள்ளே சென்று ஆட்டக்காரிகளோடு உரையாட வழிதிறந்தார். அவ்வழி எதற்குப் பயன்பட்டது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. தெகா என்னும் ஓவியர் தீட்டிய ஒப்பராக் காட்சிகள் பலவற்றில், திரையின் ஓரத்தே கறுப்பு அங்கியும் உயர்ந்த தொப்பியும் அணிந்த ஆண்கள் நிற்பதைக் காணலாம். அவர் வடித்த 'பதினான்கு வயதுச் சிறு நடனக்காரி' என்னும் சிலைக்கு முன்மாதிரியாய் நின்ற மாரி வான் கூத்தெம் ஒரு சலவைத் தொழிலாளியின் மகள். சிலை 1881இல் காட்சிக்கு வைக்கப்பட்டது. மறு ஆண்டே அச்சிறுமி ஒப்பராவிலிருந்து நீக்கப்பட்டாள். சிலை இன்று உலக அரும்பொருளகங்களில் நிற்கின்றது.

மூன்று குண்டுகள்

லெ பெலத்தியே அரங்கின் வாயிலிலே 1858 ஜனவரி 14ஆந் திகதி மாலை மூன்று குண்டுகள் வெடித்தன. ரொசினியின் 'வில்லியம் டெல்' ஒப்பராவுக்கு மூன்றாம் நெப்போலியனும் பேரரசியும் வந்திறங்கும் வேளை அது. குண்டு வீசியவர்கள் பெலிச்சே ஓர்சினியும் அவன் தோழருமாகிய இத்தாலிய தேசியவாதிகள். இத்தாலியின் விடுதலைக்கு இப்பேரரசனே தடை என்று அவர்கள் கருதினர். எட்டுப் பேர் மாண்டனர். ஏறத்தாழ நூற்றைம்பது பேர் காயமுற்றனர். பேரரசனுக்கோ பேரரசிக்கோ பாரிய ஊறெதுவும் இல்லை. இருவரும் உள்ளே சென்று தம் ஆசனங்களில் அமர்ந்தனர், அவை ஆரவாரித்தது. 1800இல் நடந்த காட்சி ஐம்பத்தேழு ஆண்டுகளின் பின் மீண்டும் நடந்தது.

ஆரவாரத்தின் பின் வந்ததும் பழைய கதையே. அடுத்த மாதமே 'பொதுப் பாதுகாப்புச் சட்டம்' வந்தது. முன்னர் அரசியற் குற்றஞ் சாட்டப்பட்ட குடியரசுவாதிகள் நூற்றுக்கணக்கானோர், இக்குண்டுகளோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவர்கள், விசாரணையின்றி அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டனர். ஓர்சினி மார்ச் 13ஆந் திகதி கொல்லப்பட்டான். மறு ஆண்டில் மூன்றாம் நெப்போலியன் இத்தாலியில் ஒஸ்திரியாவுக்கெதிராகப் படைநடத்தியது உண்மையே. அதற்கு ஓர்சினியின் தியாகமே காரணம் என்போரும் உளர். பேரரசனின் சொந்த இலாபக் கணக்கை அவர்கள் மறந்துவிடுகின்றனர். வாயிலில் நின்று மாண்ட எட்டுப் பேரை எத்தரப்பும் கணக்கிற் கொள்ளவில்லை.

இந்நிகழ்ச்சியின் மற்றொரு விளைவே கார்னியே மாளிகை. ஒடுங்கிய தெருவில் பேரரசனுக்குப் பாதுகாப்பில்லை. ஆதலால் அகன்ற பெருந்தெருக்களின் நடுவே புதிய ஒப்பரா வேண்டும் என முடிவாயிற்று. 1861இல் நடந்த போட்டியில் வென்றவர் சார்ல் கார்னியே என்னும் இளங் கட்டடக் கலைஞர். பேரரசனின் வண்டி நேரே உள்ளே ஏறிச் செல்லத்தக்க சாய்தளத்தோடு தனி மண்டபமொன்று மாளிகையின் ஒரு புறத்தே அமைக்கப்பட்டது. அதில் அவன் ஒருநாளும் ஏறவில்லை. 1870இல் போரில் தோற்று முடியிழந்தான். பாரிஸ் முற்றுகையின்போது அரைகுறையாய் நின்ற மாளிகை உணவுக் களஞ்சியமாகப் பயன்பட்டது. மாளிகை திறக்கப்படுவதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே, 1873 ஜனவரியில், இங்கிலாந்தில் அவன் இறந்தான்.

எம்மா லிவ்ரி

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம். எம்மா லிவ்ரி ஒப்பராவில் ஆடிய பெண்ணொருத்தியின் மகள். தந்தை ஒரு பிரபு. தாயை அவன் மணக்கவில்லை. பதினாறாம் வயதில், 1858இல், 'லா சில்ஃபீட்' ஆடி அரங்கேறினாள். முதுமையெய்திய மாரி தாக்லியோனியே அவளைத் தன் கலைவாரிசாகக் கருதிப் பயிற்றினாள். 1860இல் தாக்லியோனி அவளுக்காக 'வண்ணத்துப்பூச்சி' என்னும் பாலேயை அமைத்தாள், இசை ஓஃபென்பாக்குடையது. அக்கதையில் வண்ணத்துப்பூச்சியாய் மாறிய பெண் தீப்பந்தத்தின் சுடரால் ஈர்க்கப்பட்டுச் சிறகு கருகுகின்றாள்.

நடனமாதர் எரிவதைத் தடுக்க அக்காலத்தில் வழியில்லாமலில்லை. கார்த்தெரோன் என்பவர் துணியை உப்புக் கரைசலில் தோய்த்துத் தீப்பற்றாதவாறு செய்யும் முறையொன்றைக் கண்டிருந்தார். 1859 நவம்பரில் மேடைத் திரைகளும் உடைகளும் இம்முறைக்குட்படுத்தப்பட வேண்டுமென அரசாணையும் பிறந்தது. ஆயின் தோய்த்த துணி விறைத்தது. வெண்மை மங்கிப் பழுப்பேறியது. எம்மா அதனை விரும்பவில்லை. பாலேயின் முதற் காட்சிகளில் தன் வழக்கமான பாவாடையையே அணிவேன், நேர்வதற்குத் தானே பொறுப்பு என இயக்குநருக்கு எழுதிக் கொடுத்தாள்.

1862 நவம்பர் 15ஆந் திகதி ஒப்பராவில் 'போர்த்திச்சியின் ஊமைப்பெண்' ஒத்திகை நடந்தது. பிரசல்ஸ் மக்களைத் தெருவுக்கிறக்கிய அதே ஒப்பரா. அதில் மீனவன் மாசனியெல்லோவின் தங்கை ஊமை. அப்பாத்திரத்துக்குப் பாட்டில்லை, ஆட்டமும் அபிநயமுமே. அப்பாத்திரத்தை ஏற்றவள் எம்மா. தன் முறை வருமட்டும் மேடையோரத்தே அமர்ந்திருந்தவள், கசங்காதிருக்கும் பொருட்டுப் பாவாடையை உதறி விரித்தாள். அருகிலிருந்த வாயுவிளக்கின் சுடர் பற்றியது. ஒரு கணத்தில் அவள் உயரத்துக்கு மேல் நெருப்பெழுந்தது. அவள் மேடைக்குக் குறுக்கே ஓடினாள். ஓடியதால் நெருப்பு இன்னும் வளர்ந்தது. கடமையிலிருந்த தீயணைப்பாளர் ஒருவர் அவளைப் பற்றிக் கம்பளத்தாற் சுற்றி அணைத்தார். கருகிய மார்க்கச்சின் துண்டுகள் சதையோடு ஒட்டியிருந்தன. எட்டு மாதங்கள் வேதனையிற் கிடந்து, 1863 யூலை 26ஆந் திகதி, இருபதாம் வயதில் இறந்தாள். சவ ஊர்வலத்தில் வெண்ணிற வண்ணத்துப்பூச்சிகள் பறந்ததாகக் கவிஞர் தியோஃபில் கோத்தியே எழுதினார்.

'அவளே மறுத்தாள்; அவளே மாண்டாள்' என்று இக்கதையை முடித்துவிடுவோர் பலர். கையெழுத்திட்ட கடிதமும் அவர்களிடம் உண்டு. அக்கடிதத்தை நாம் சற்று நிதானித்து வாசித்தல் வேண்டும். ஒரு நடனமாதின் பிழைப்பு முழுவதும் அவள் எவ்வாறு தோன்றுகின்றாள் என்பதிலேயே தங்கியிருந்தது. பழுப்பேறிய பாவாடையோடு முதற்காட்சியில் நின்றால் சந்தாதாரர் முகஞ் சுளிப்பர், பத்திரிகை எழுதும், இன்னொருத்தி அவ்விடத்துக்கு வருவாள். பாதுகாப்புக்கும் வாழ்வுக்கும் இடையே ஒன்றைத் தெரிவுசெய்யும்படி ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு, அவள் தெரிவு செய்தாள் என்று கூறுவது என்ன நியாயம்? சட்டம் இருந்தது. ஆட்டக்காரி எழுதிய ஒரு கடிதத்தால் அச்சட்டம் நீங்கிவிடுமாயின், அது அவளைக் காக்கவன்று, நிர்வாகத்தைக் காக்கவே உதவியது. விளக்கை எங்கு வைப்பது, எவ்வளவு தூரத்தில் வைப்பது, அதற்கு வலை இடுவதா என்பவற்றைத் தீர்மானித்தவள் எம்மா அல்லள். சுரங்கத்திலும் ஆலையிலும் விபத்து நேரும்போதெல்லாம் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதப்படும் அறிக்கையும் இக்கடிதமும் ஒரே மொழியிலேயே பேசுகின்றன.

மலிவான இருக்கைகள்

லெ பெலத்தியே அரங்கு 1873 ஒக்டோபர் 28ஆந் திகதி இரவு தீப்பற்றி ஒரு நாளுக்கு மேல் எரிந்து சாம்பலாயிற்று. காட்சியில்லா வேளையாதலால் பார்வையாளர் இல்லை. தீயணைப்பாளர் ஒருவர் உயிரிழந்தார்.

அதே நகரின் இரண்டாவது இசைநாடக நிறுவனமான ஒப்பரா கோமிக்குக்கு அத்தகைய நற்பேறு கிடைக்கவில்லை. 1887 மே மாதம் 12ஆந் திகதி, அவ்வரங்கில் நெருப்புப் பிடித்தாற் பெருநாசம் நேரும் எனப் பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் வினா எழுப்பினார். பதின்மூன்று நாட்களின் பின், 25ஆந் திகதி, வாயுவிளக்கினால் மேடைத்திரை பற்றியது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்படிக்கட்டை அணுக வாய்ப்புள்ள கீழ்த்தளத்தார் வெளியேறினர். ஒடுங்கிய படிகளில் இறங்கவேண்டிய மேற்தளத்தாரும், உடையணிவிக்கும் பெண்கள் முதலிய ஊழியருமே பெரிதும் அகப்பட்டனர். இதன் பின்னரே பாரிஸ் அரங்குகளில் வாயுவிளக்கை அகற்றி மின்விளக்கு அமைத்தல் கட்டாயமாயிற்று. எம்மா லிவ்ரி எரிந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. ஓர் ஆட்டக்காரியின் உடல் செய்விக்காததை எண்பது உடல்கள் செய்வித்தன.

கார்னியே மாளிகையிலும் மின்சாரம் வந்தது. 1896 மே 20ஆந் திகதி 'எல்லே' என்னும் ஒப்பரா நடந்துகொண்டிருந்தது. சரவிளக்கைத் தாங்கும் எதிரெடைகளுள் ஒன்றின் கம்பி, மின்கோளாற்றினால் உருகி அறுந்தது. பல நூறு கிலோ எடையுள்ள அவ்விரும்புத் திணிவு கூரையைத் துளைத்து நான்காம் மாடத்தில் வீழ்ந்தது. நான்காம் மாடம் மலிவான இருக்கைகள் உள்ள இடம். அங்கு அமர்ந்திருந்த பெண்ணொருத்தி உயிரிழந்தாள். வீடொன்றின் வாயிற்காவலே அவள் தொழில்.

இந்நிகழ்ச்சியை உலகம் மறக்கவில்லை, மறந்தது அப்பெண்ணையே. கஸ்தோன் லெரூ என்னும் பத்திரிகையாளர் 1909இல் தொடர்கதையாக எழுதத்தொடங்கிய 'ஒப்பராவின் ஆவி'யிலே, மாளிகையின் நிலவறையில் வாழும் மர்ம மனிதனொருவன் சரவிளக்கையே வீழ்த்துகின்றான். பின்னர் திரைப்படங்களிலும் மேடையிலும் அச்சரவிளக்கு வீழ்வதைக் கோடிக்கணக்கானோர் கண்டு வியந்தனர். பராமரிப்பாலும் மின்கம்பியாலும் நேர்ந்த ஒரு விபத்து ஆவியின் வேலையாயிற்று. ஆவி செய்ததாயின் எவரும் பொறுப்பாளியல்லர். மலிவு மாடத்தில் மாண்டவளின் கதையைவிட நிலவறையின் ஆவியின் கதை விற்பனைக்கு உகந்தது என்பதைச் சந்தை நன்கறிந்திருந்தது.

கணக்கு

இம்மரணங்களை ஒருசேர நோக்குவோம். கோமகனொருவன் இறந்தான்: அரங்கு இடிந்தது, அமைச்சு வீழ்ந்தது, சட்டங்கள் மாறின. பேரரசனொருவன் தப்பினான்: புதிய மாளிகை எழுந்தது. குதிரை பிடித்த சிறுமியும், வாயிலில் நின்ற எண்மரும் இறந்தனர்: அவர்கள் பெயரால் வேறெவரோ நாடுகடத்தப்பட்டனர். ஆட்டக்காரி எரிந்தாள்: கடிதம் காட்டப்பட்டது, கவிதை எழுதப்பட்டது. வாயிற்காவற்காரி நசுங்கினாள்: கற்பனைக்கதை பிறந்தது.

கலை இதற்கெல்லாம் குற்றவாளி என்று நாம் கூறவில்லை. குளுக்கின் இசையும் தாக்லியோனியின் ஆட்டமும் மனித குலத்தின் செல்வங்கள். அவற்றைச் சந்தாதாரரின் உடைமையாக விட்டுக்கொடுப்பதற்கில்லை. ஓபேயின் பாட்டு ஒரு நகரில் அடிமைத்தளையை அறுக்கவும், மற்றொரு நகரில் அதன் ஒத்திகையிலேயே ஓர் இளம்பெண் எரிந்து மாளவும் கண்டோம். வேறுபாடு பாட்டில் இல்லை. அது எவருடைய கையில், எத்தகைய ஏற்பாட்டின் கீழ் நடக்கின்றது என்பதிலே இருக்கின்றது. அழகைப் படைப்பவரின் உயிரை அழகுக்குக் கீழான விலையில் வைக்கும் ஏற்பாடு எங்கிருப்பினும், அங்கு நெருப்பு ஒருநாள் பற்றியே தீரும். ஆசிரியரும் மாணவரும் கலை வரலாற்றைப் படிக்கும்பொழுது, படைப்பின் ஆண்டோடு அதனை ஆக்கியவரின் கூலியையும், அவர் நின்ற இடத்தின் பாதுகாப்பையும் சேர்த்துக் கேட்கப் பழகவேண்டும்.

எம்மா லிவ்ரியின் கருகிய உடையின் எச்சங்கள் இன்றும் பேணப்படுகின்றன. அவை கார்னியே மாளிகையின் நூலக அரும்பொருளகத்துக்கு உரியவை. அவ்வரும்பொருளகம் அமைந்திருக்கும் பகுதி, குண்டுகளுக்கஞ்சிய பேரரசனின் வண்டி ஏறுவதற்கென்று கட்டப்பட்ட அதே தனி மண்டபமாகும்.